மாதிரி எடுக்கிற நாள்

சங்கத்து வாசலில் சைக்கிளை எடுக்கையில் ஏழரை.
கரியரில் றெஜிபோம் பெட்டி,
அதற்குள் ஐஸ், ஐஸுக்குள் ஆறு வெறும் போத்தல்கள்.
ஒவ்வொன்றிலும் ஒரு தவறணையின் பெயர்,
என் கையெழுத்தில்.
செயின் கவர் கழன்ற லேடீஸ் சைக்கிள்.
பிரேக் பின்னுக்கு மட்டும்.

கோண்டாவிலில் முகாமையாளர் குணநாயகம்
புனலைக் கழுவி வைத்துக் காத்திருந்தார்.
"இண்டைக்குச் சீனி கூட, தங்கச்சி" என்றார்,
மகளின் சோதனைப் பெறுபேறு சொல்லுமாப்போல.
வாங்கிலில் இருந்த மூன்று பேர்
கோப்பைகளைக் காலுக்குப் பின்னால் நகர்த்தினார்கள்.
ஒருவர் எனக்குக் கணக்குப் படிப்பித்தவர்.
நான் அவரைக் காணவில்லை.
அவரும் என்னைக் காணவில்லை.
சமன்பாடு சரி.

உரும்பிராய் மட்டும் எதிர்க்காற்று.
வெங்காயத் தறையில் தண்ணி மாறிக்கொண்டிருந்தவர்
மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்:
"ஐஸ்பழமோ பிள்ளை?"
"இல்லை, கள்ளு."
அவர் சிரித்து முடிக்கமுதல்
வாய்க்கால் வரம்பை உடைத்துக்கொண்டு போனது.

கோப்பாயில் மதியழகன் அப்போதுதான் இறங்கியிருந்தான்.
என்னிலும் இளையவன். நெஞ்சு முழுக்க மரம் கீறிய கோடு.
முட்டியில் இரண்டு தேனீ மிதந்தன.
"வடிச்சுத் தாறன் மிஸ்" என்று
போத்தலின் கழுத்து வரைக்கும் ஊற்றினான்.
கொஞ்சம் வெளி விட வேணும், அதுக்கும் மூச்சிருக்கு
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவன் முகத்தைப் பார்த்துவிட்டு
தக்கையை இறுக்கினேன்.

கல்வியங்காட்டில் பூட்டு.
பூட்டில் ஒரு துண்டு: செத்தவீடு, பின்னேரம் திறக்கும்.

அரியாலை றெயில் கேற்றில் பத்து நிமிசம் வெய்யில்.
ஐஸ் முழுக்கத் தண்ணியாகிவிட்டது.
கொழும்பு றெயில் இன்னும் வரவில்லை.
அப்போதுதான்
கோப்பாய் வெடித்தது.

ஒரேயொரு சத்தம்.
நின்றவர்களில் பாதிப்பேர் குனிந்தார்கள்,
நாற்பது தாண்டியவர்கள் மட்டும்.
பள்ளிக்கூட வானுக்குள் பிள்ளைகள் கைதட்டினார்கள்.
குனிந்தவர்கள் நிமிர்ந்து
தங்களைத் தாங்களே பார்த்து வெட்கப்பட்டு
பிறகு என்னைப் பார்த்தார்கள்:
முதுகு நனைந்து, பின்னலில் நுரை சொட்ட,
ஊரெல்லாம் மணக்க நிற்கிற ஒருத்தி.
ஓட்டோக்காரன் ஒருவன் பழந்துணி நீட்டினான்.
"தலைக்கு ஏறமுதல் துடையுங்கோ அக்கா."

துடைத்தேன். றெயில் வந்தது.
எல்லாரும் றெயிலைப் பார்த்த அந்த நேரம்
மணிக்கட்டில் மிஞ்சியிருந்த ஒரு கோட்டை
நாக்கால் எடுத்தேன்.

நாலு வருசமாக இந்தப் படிவத்தை நிரப்புகிறேன்.
வெப்பநிலை, அமிலம், மதுசார வீதம்.
கடைசி நிரல்: சுவை.
ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொரு இடத்துக்கும்
"வழமை" என்றே எழுதி வந்திருக்கிறேன்,
ஒரு சொட்டும் குடியாமல்.

குருநகரில் றால் வடை பொரிக்கிற றெஜினா
தூரத்திலேயே மணந்துபிடித்தாள்.
"அடியே, அளக்கப் போனியோ, குளிக்கப் போனியோ?"
சூடாக ஒரு வடை கையில் வைத்தாள்.
காசு வாங்கவில்லை.
கடற்காற்றில் சட்டை காய்ந்து
பசை போட்டதுபோல் விறைத்தது.

பின்னேரம் ஆய்வுகூடத்தில்
நாலு போத்தலுக்கும் எண்கள் வந்தன.
கல்வியங்காட்டுக்கு: மூடியிருந்தது.
கோப்பாய்க்கு வெப்பநிலை, ஒரு கோடு.
அமிலம், ஒரு கோடு.
மதுசாரம், ஒரு கோடு.
கடைசி நிரலில் பேனை கனநேரம் நின்றது.
முதலில் இனிப்பு, பிறகு புளிப்பு,
இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று
பச்சை ஓலை கிழிபடும்போது வருகிற மணம் போல.
பெட்டி சின்னது. அவ்வளவும் கொள்ளாது.

"வழமை அல்ல" என்று எழுதி
கையெழுத்து வைத்தேன்.