பென்சில் வரி

களக்காடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சாரியில்
மாடியேறினால் எங்கள் நகைக்கடன் பைனான்ஸ்.
போர்டில் சண்பகவல்லி மேலே, ஜெபசிங் கீழே.
நீளமான பேரு மேல நின்னாத்தான் அழகு என்றான் பெயிண்டர்.
அதில் அன்றைக்கு யாருக்கும் வருத்தமில்லை.

பெட்டகத்துக்கு இரண்டு சாவி.
ஒன்று என் இடுப்பில், ஒன்று அவர் பையில்.
சேர்ந்து திருப்பினால்தான் கதவு அசையும்.
நம்பிக்கை என்று அதைச் சொல்லிக்கொண்டோம்.
விற்க வந்தவன் சொன்னது வேறு:
"பார்ட்னர்ஷிப்புக்கு இந்த மாடல்தான் மேடம்
ஜாஸ்தி போகுது."

சித்திரைக் காற்றில் வாழை சாய்ந்த வருஷம்.
குலை தள்ளிய ஏத்தனும் ரசகதலியும்
ஒரே ராத்திரியில் மண்ணில் முகம் புதைத்தன.
புரட்டாசியில் பேரேட்டைப் புரட்டுகிறேன்,
நூற்று நாலாம் பக்கம்.
மஞ்சுவிளை ஞானசெல்வம், நாலு பவுன் சங்கிலி.
ஓரத்தில் பென்சிலில், எறும்பு போல:
வட்டி தள்ளுபடி 11,400. ஜெ.

"பேனாவில எழுதியிருக்கலாமே அண்ணாச்சி?"
"பேனாவில எழுதுனா நீங்க அடிச்சிருவிய."
"பென்சில அழிக்க எவ்வளவு நேரம் ஆகும்?"
"அழிக்கலைல்லா இன்னும்."

பிறகு குரல் உயர்ந்தது.
"நீங்க தேதியப் பாக்கிய, ஆளப் பாக்கல."
"அதுல அஞ்சாயிரத்து எழுநூறு என்னுது.
என் தர்மத்த நீங்க எதுக்குப் பண்ணுதிய?"
கீழே டீக்கடையில் பாய்லர் சத்தம்கூட
ஒரு நிமிஷம் நின்ற மாதிரி இருந்தது.

முப்பத்தாறு நாள் பேச்சில்லை.
சார் சொன்னாங்க, மேடம் சொன்னாங்க என்று
ஆபீஸ் பையன் மந்திரமூர்த்திக்குத்தான் தொண்டை கட்டியது.
ஆனாலும் காலை ஒன்பதரைக்கு
பெட்டகத்தின் முன் இருவரும் நிற்கவேண்டும்.
ஒரே நேரத்தில் திருப்ப
யாராவது ஒருவர் சொல்லித்தான் ஆகவேண்டும்:
ம்.
எங்கள் பாஷையில் மிஞ்சியது அந்த ஓர் எழுத்து.

பாளையங்கோட்டை ஆடிட்டர்
பத்திரத்தைப் புரட்டி, பதிமூன்றாம் ஷரத்தைத் தொட்டு,
"பிரிஞ்சிருங்க, சுலபம்" என்றார்.
பஸ்ஸில் திரும்பும்போது எண்ணிப் பார்த்தேன்.
பிரிக்க எங்களுடையது என்று
இரண்டு மேஜை, ஒரு தராசு, அந்த போர்டு.
மிச்சமெல்லாம் ஊரார் கழுத்து.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை.
காய்ச்சலாம்.
கைக்குட்டையில் சுற்றி சாவி மட்டும் வந்தது.
"மேடமே தொறந்துக்கிடட்டும்னு சொன்னாங்க."
பெஞ்சில் ஒருத்தி, முழுப்பணத்தோடு.
மறுநாள் மகளுக்கு நிச்சயதாம்பூலம், வளையல் வேண்டும்.

இரண்டு சாவியும் முதன்முதலாய் என் உள்ளங்கையில்.
கனமே இல்லை.
கை எட்டும் தூரம்தான் இரண்டு துவாரமும்,
வரும் முன்னே அளந்து பார்த்தது என் கண்.
அந்தக் கண்ணைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆட்டோ பிடித்துச் சிதம்பரபுரம் போனேன்.
கம்பளிக்குள் கிடந்தார்.
"எழும்புங்க."
"சாவியத்தான் குடுத்துவிட்டேனே."
"அதான் தப்பு அண்ணாச்சி.
நாளைக்கு ஒரு மோதிரம் குறைஞ்சா
உங்களச் சந்தேகப்பட எனக்கு வழியில்லாமப் போயிரும்."
சிரித்தாரா இருமினாரா, தெரியவில்லை.
குல்லாவை இழுத்துவிட்டு
செருப்பைத் தேடினார்.

வழி முழுக்க ஆட்டோக்காரர்தான் பேசினார்,
தார் என்ன விலை போகிறதென்று.
பெட்டகத்தின் முன் நின்றோம்.
என் 'ம்' வருமுன்
அவர் தும்மினார்.
அந்தத் தும்மலிலேயே திருப்பினோம், திறந்தது.

சாயங்காலம் நூற்று நாலாம் பக்கத்தை எடுத்தேன்.
பென்சிலை அழித்துவிட்டு
அவர் பேனாவில் எழுதினார்:
தள்ளுபடி 5,700. ஜெ.
"உங்க பாதி?"
"யோசிக்கணும்."

யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.
அதற்குக் கீழ் வரியில்
என் கையெழுத்தில் அதே தொகை,
பென்சிலில்.
மார்ச்சில் ஆடிட்டர் கேட்பார்.
கேட்கட்டும்.