மாட்டுக்கொம்பு ஆகாது

அறுப்பின் பண்டிகைக்கு
எருசலேம் ஆலயத்து வாத்தியங்களைச்
செய்து வாசிப்பதென்று தீர்மானம்.
அக்கராயன் சபையில் நாங்கள் பதினொரு பேர்,
ஒரு ஓர்கன். அதில் நடுக்கட்டை ஒன்று ஊமை.

கின்னரத்துக்குப் பாலைக்கட்டை.
பத்து நரம்புக்கும் தங்கூசி,
குளத்தில் விரால் பிடிக்கிற அதே தடிப்பு.
எப்சிபா மீட்டினாள்.
மீன் அறுத்துக்கொண்டு போன சத்தம்தான் வந்தது.
மூவாயிரம் வருசத்து வாத்தியம்,
பிழையென்று சொல்ல
கேட்டவர் யார் இருக்கினம் என்று சிரித்தாள்.

எக்காளத்துக்கு நான்
மாட்டுக்கொம்பு கொண்டுபோனேன்.
பற்றைக்குள் கிடந்தது, வெயிலில் வெளுத்து.
கட்டையை அவிழ்த்துவிட்டு ஓடிய வருசத்துக்குப் பிறகு
இங்கே மாட்டுக்கொம்புக்குக் குறைவில்லை.

போதகர் நவநேசன் உருட்டிப் பார்த்துத்
திருப்பித் தந்தார்.
"செம்மறிக்கடா எண்டால் சரி. மாடு ஆகாது.
பொன்னாலே கன்றுக்குட்டி வார்த்துக்
கும்பிட்ட சனம் அது.
மன்னிப்புக் கேட்கப் போற இடத்துக்குச்
செய்த குற்றத்தையே
வாயில வைச்சு ஊதிக்கொண்டு போறதே?"

கடாட்சம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான்.
தன் உரப்பையைக் காலால் மெல்ல
வாங்குக்குக் கீழே தள்ளினான்.
கைத்தாளம் அவன் பொறுப்பு.
பித்தளையை வெட்டி, விரித்து,
விளிம்பு உரஞ்சி, இரண்டு கிழமை வேலை.
நல்ல நாதம், அடித்தால்
கன நேரம் நிற்குது என்று
முதல்நாள்தான் சொல்லியிருந்தான்.
எந்தப் பித்தளை என்று நாங்கள் கேட்கவில்லை.
உரப்பையின் வாயால்
அடிவட்டத்து இலக்கங்கள் தெரிந்தன.

போதகரும் கண்டார்.
வேதப்புத்தகத்தின் தூசியைத் தட்டினார்,
தூசி இருக்கவில்லை.

பண்டிகையன்று
அவித்த செம்மறிக்கொம்பின் நாற்றம்
சாம்பிராணியை வென்றது.
ஊதினபோது அணைக்கட்டில் எருமைகள்
தலை நிமிர்த்தின, யாரோ
தங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல.

பாட்டின் நடுவில் வந்தது அந்தச் சொல்.
சேலா.
நிறுத்து என்கிறார்கள் சிலர், உயர்த்து என்கிறார்கள் சிலர்.
பொருள் தெரிந்தவர்கள்
சொல்லாமலே போய்விட்டார்கள்.
அந்த இடத்தில் தாளம் விழவேண்டும்.

கடாட்சம் எழுந்தான். வெறுங்கை.
ஒரு மூச்சு நின்றான்.
பிறகு இருந்துவிட்டான்.

நான் ஓர்கனில்
அந்த ஊமைக்கட்டையைத் தேடி
முழுவதுமாக அழுத்தினேன்.