மூன்றாம் இடம்

பழைய சிடி ஒன்றில்
கறுப்பும் வெள்ளையுமாக நாலு கட்டம்.
நடுஓட்டையில் கனத்துக்கு ஒரு நட்டு.
கயிறு யார் கொண்டுவருவீங்க என்று
பிரசீதா டீச்சர் கேட்டு முடிப்பதற்குள்
கை தூக்கியவன் நான்தான்.
எங்கள் கோழிக்கடையில்
நீல நைலான் உருளை உருளையாகக் கிடக்கும்.
பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டேன்.
முடிச்சில் நான் அப்பா மாதிரி.
அவருக்கு இடது கை; சுருக்கு எப்போதும்
வலப்பக்கம் விழும்.

முதல் இடம், தடுப்பணைக்கு மேலே.
கோரையாறு அங்கே சும்மா நிற்பதுபோல் நடிக்கும்.
தட்டை இறக்கினோம்.
நாலு முடிச்சு வரை தெரிந்தது,
ஐந்தாவதில் மங்கி மறைந்தது.
ஷமீலாவின் சல்லடையில்
தட்டான் குஞ்சு மூன்று,
வாலில் மூன்று மயிர் உள்ள ஏதோ ஒன்று.
சித்தூரிலிருந்து வந்த அடையாள அட்டை முழுக்க மலையாளம்.
அவள் விரல் வைத்து வாசித்துத் தமிழில் சொல்ல
நாங்கள் பெயர் தெரியாததற்கும் பெயர் எழுதினோம்.
பிறகு குப்பியில் நீலம்.
சொட்டு சொட்டாக விட்டு எண்ணணும்.
எட்டாவது சொட்டில்தான் நீலம் போனது.
அவ்வளவு மூச்சு இருக்கு தண்ணிக்குள்ள,
என்றார் டீச்சர்.
நாங்களும் ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்த்தோம்.

இரண்டாம் இடம், கள்ளுக்கடைக்குப் பின்னால்.
ஐந்து சொட்டு.
தீபேஷின் ஒரு செருப்பு ஆற்றோடு போய்விட்டது.
அவன் அழவில்லை.
மீதி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு
மற்றதன் வேகத்தைக் கணக்குப் போட்டான்:
பத்து மீட்டருக்கு நாற்பது நொடி.
அதையும் நோட்டில் ஏற்றினோம்.

மூன்றாம் இடம், வேலந்தாவளம் பாலத்துக்குக் கீழே.
மேலே செக்போஸ்டுக்குக் காத்திருக்கும் லாரிகள்
ஹாரன் அடித்துக்கொண்டு.
முதல் முடிச்சு நனைவதற்குள்
தட்டைக் காணோம்.
இழுத்தால் வரவில்லை.
இன்னும் இழுத்தேன்.
தண்ணீரைப் பிளந்துகொண்டு மேலே வந்தது
ஒரு சிமெண்டுச் சாக்கு.
அதன் மடிப்பில் சிக்கியிருந்தது
தீபேஷின் செருப்பு.
எல்லாரும் கைதட்டினார்கள்.
நான் சாக்கின் வாயைப் பார்த்தேன்.
நீல நைலான்.
வலப்பக்கம் சுருக்கு.
தையல் விட்ட ஓரத்தில் வெள்ளை இறகுகள்
பிதுங்கி நின்றன.

ஷமீலா என் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தாள்.
சாக்கைப் பார்த்தாள்.
பிறகு குனிந்து சல்லடையில் எண்ண ஆரம்பித்தாள்:
சிவப்புப் புழு, சிவப்புப் புழு,
சிவப்புப் புழு.
முப்பதுக்கு மேல் நிறுத்திவிட்டு
நிறைய என்று எழுதச் சொன்னாள்.

இரண்டாவது சொட்டிலேயே நீலம் போய்விட்டது.
மூன்றாவது சொட்டு
என் கையிலேயே நின்றது, எங்கே விடுவது என்று தெரியாமல்.

படிவத்தில் கடைசிக் கட்டம்:
காரணம், தெரிந்தால்.
அன்றைக்கு எழுதும் முறை எனக்கு.
பென்சில் முனையை இரண்டு தடவை சீவினேன்.
தெரியும்,
என்று எழுதினேன்.
அவ்வளவுதான் எழுதினேன்.
டீச்சர் வாங்கிப் படித்தார்.
என்னை ஒருமுறை பார்த்தார்.
அடுத்த இரண்டாம் சனிக்கிழமை
இதே மூன்று இடம் என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டு
படிவத்தைக் கோப்புக்குள் வைத்தார்.

சாயங்காலம் கடையில்
கயிறு எங்கடா என்றார் அப்பா.
மேசைமேல் வைத்தேன்.
நனைந்த முடிச்சுகள் இறுகிப்போயிருந்தன,
பல்லால் கடித்தும் அவிழவில்லை.
அவர் எடுத்து முகர்ந்தார்.
எங்க முக்குன?
பாலத்துக்குக் கீழ, பரிசோதனைக்கு.
என்ன பரிசோதனை?
தண்ணி மூச்சு விடுதான்னு பார்க்க.

அப்பா ஒன்றும் கேட்கவில்லை.
தராசுத் தட்டைத் துடைத்தார்,
துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

ஷட்டர் இறக்கியபின்
அன்றைய மூட்டையைக் கட்ட
புது உருளை ஒன்றைப் பிரித்தார்.
மஞ்சள் கயிறு.
சுருக்கு மட்டும்
வலப்பக்கம்.