கோசோங்

பரோட்டா வாங்கப் போன இடத்தில் பின்னாலேயே வந்துவிட்டது.
முட்டை இல்லை, வெங்காயம் இல்லை,
வெறும் மாவின் நிறம்.
கோசோங் என்று கூப்பிட்டேன், திரும்பிப் பார்த்தது.

முடியுருண்டை என்றுதான் முதலில் நினைத்தேன்.
முழங்கைகளை விரித்து, கழுத்தைத் தரையோடு நீட்டி
எதையோ கக்கப் போவதுபோல் இருமும்.
ஒன்றும் வராது.
பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் பாதத்தை நக்கும்.

எக்ஸ்ரேயில் டாக்டர் சியூ யென் விரல் வைத்துக் காட்டினார்.
தடித்த மூச்சுக்குழாய்ச் சுவர்கள்,
தண்டவாளம்போல் இரட்டைக் கோடுகள்.
எனக்கா தெரியாது?
கடைசி ரயில் போனபின்
யீஷூனுக்கும் காத்திப்புக்கும் நடுவே
விளக்கோடு நடந்து விரிசல் தேடுவதுதான் என் பிழைப்பு.

புது மருந்தொன்றை ஆராய்கிறார்கள்.
இருபத்துநான்கு பூனைகள், பன்னிரண்டு வாரம்.
பாதிக் குப்பிகளில் மருந்து,
பாதியில் வெறும் காற்று.
எது எதில் என்று அவருக்கே தெரியாதாம்.
"அப்படியென்றால் கோசோங்குக்குக் கிடைப்பது
கோசோங்காகவும் இருக்கலாம்?"
சிரித்தார்.
பிறகு சிரிக்காமல், "இருக்கலாம்" என்றார்.
மூச்சு முட்டினால் பழைய மருந்து கைவசம் உண்டு,
எந்நேரமும் கூப்பிடலாம்.
சம்மதத் தாளில் நான் கையெழுத்துப் போட,
சம்மதிக்க வேண்டியது மேசைக்கடியில்
என் காலணிக் கயிற்றைக் கடித்துக்கொண்டிருந்தது.

காலை ஐந்தரை. கிரீஸ் வாடை போகக் குளித்துவிட்டு
முகமூடியை அதன் மூக்கில் பொருத்திப்
பத்து மூச்சு எண்ண வேண்டும்.
முதல் வாரம் மணிக்கட்டில் ஏழு கீறல்.
நான்காம் வாரம் தானே வந்து உட்கார்ந்தது,
மருந்துக்கல்ல, பின்னால் வரும் சூரைமீனுக்கு.

தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை
ஒரு நிமிடம் எண்ணி நோட்டில் எழுதுகிறேன்.
நாற்பத்துநான்கு. நாற்பத்தொன்று.
வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை நிறுத்தியாயிற்று,
முருகனிடம் காரணம் சொல்லிவிட்டேன்.
ஏழாம் மாதப் புகையை யாரிடம் சொல்ல?
கீழ்த்தளத்துத் தகரப் பீப்பாயில்
யாரோ தம் இறந்தவர்களுக்குப் பணம் எரிக்கிறார்கள்.
சத்தமில்லாமல் ஜன்னலைச் சாத்தினேன்.
அவர்களும் ஒரு மூச்சை எண்ணியிருப்பார்கள்.

பதினோராம் வாரம். இருபத்தெட்டு.
மருந்தா, மழையா, சாம்பிராணி இல்லாததா?
"ஒரு பூனையை வைத்து எதுவும் சொல்ல முடியாது" என்கிறார் சியூ யென்.
உறையைப் பிரிக்க டிசம்பர் ஆகுமாம்.
எனக்கு இருப்பதோ ஒரு பூனை.

இன்று பதினேழில் இருந்தேன்,
வாலால் முகத்தில் ஒரு அடி.
கணக்குத் தவறிவிட்டது.
ஒன்று.