மி.மி. அடங்கவில்லை

சார் ஸ்டாஃப் ரூமுக்குப் போனதும்
சாக்பீஸ் என் கைக்கு வரும்.
கரும்பலகையின் இடது ஓரத்தில் கோடு கிழித்து
'பேசியவர்கள்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு.
எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும்.
என்னை லீடராக்க அது ஒன்றுதான் காரணமென்று
ரொம்ப நாள் நம்பியிருந்தேன்.
அப்பாவுக்கு ரேஷன் கடையில் வேலை என்பதும்
சார் வீட்டுக்குச் சர்க்கரை சைக்கிளில் போனதும்
அப்போது எனக்கு ஒரே வாக்கியமாகச் சேரவில்லை.

கொருக்குப்பேட்டை கேட்டுக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு.
அந்தப் பக்கம் பெஞ்சலம்மா வீடு.
கூட்ஸ் வண்டி வந்து நின்றால்
நின்றதுதான்.
டேங்கர்களை எண்ணி முடிப்பதற்குள்
பிரேயர் முடிந்துவிடும்.
"கேட் போட்டுட்டாங்க சார்."
"தெனம் ஒரே பாட்டு. முட்டி போடு."
கொடிக்கம்பத்தடியில், சரளைக் கல்லில்
அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் மொத்தமும் முட்டி போட்டிருக்க
மைக்கில் நான் இன்றைய சிந்தனை வாசிப்பேன்:
காலம் பொன் போன்றது.

பெயர் எழுத ஒரு முறை இருந்தது.
பேசினால் பெயர்.
மறுபடி பேசினால் பக்கத்தில் 'மி'.
இன்னும் பேசினால் 'மி.மி'.
அப்புறம் 'அடங்கவில்லை'.
ஒரு மி-க்கு ஓர் அடி.
அடங்காததற்குக் கணக்கில்லை.

பெற்றோர் சங்கத் தலைவர் மகன் ஹேமச்சந்தர்
மூச்சு விடாமல் பேசுவான்.
நீளமான பெயர், இடம் பிடிக்கும் என்று
எழுதாமல் விட்டேன்.
பெஞ்சலம்மாவுக்கு ஓரெழுத்துதான் குறைவு.
அதையும் தப்பாகத்தான் எழுதுவேன்:
பெஞ்சுலம்மா.
வகுப்பு சிரிக்கும்.
தண்ணீர்த் தொட்டி கழுவிவிட்டு ஈரக் கையோடு வருவாள்,
தொட்டி எப்போதும் அந்தக் கடைசி பெஞ்சுக்குத்தான்.
"ச. சு இல்ல" என்பாள்.
அதற்கும் ஒரு மி.

ஒன்பதாவதில், மணலிக் காற்று
கண்ணைக் கரித்த ஒரு மத்தியானம்
எழுந்து வந்து
என் கையிலிருந்து சாக்பீஸை எடுத்தாள்.
பிடுங்கவில்லை. எடுத்தாள்.
தன் பெயரில் சு-வை அழித்து ச போட்டாள்.
அதற்குக் கீழே என் பெயர்.

"நான் எங்க பேசுனேன்?"
"பேசாத பேசாதன்னு
காலையிலேர்ந்து நீ மட்டும்தான் பேசிட்டிருக்க."

ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.
பிறகு ஹேமச்சந்தரே சிரித்துவிட்டான்.
பலகையில் என் பெயரைப் பார்த்தேன்.
அந்த இடத்தில் அது
வேறு யார் வீட்டுப் பெண்ணோ மாதிரி நின்றது.

சார் வந்தார்.
உள்ளங்கையால் என் பெயரை மட்டும் துடைத்தார்.
மற்றவர்களைக் கை நீட்டச் சொன்னார்.
துடைத்த தூள் அவர் கையிலிருந்து பிரம்புக்கு ஒட்டியது,
பிரம்பிலிருந்து அவள் கைக்கு.
ஆக, என் பெயரும்
அவள்மேல்தான் விழுந்தது.

இப்போது மாதவரம் பக்கம்
ஷூ கம்பெனியில் நான் லைன் சூப்பர்வைசர்.
நாற்பது பெண்கள், நாற்பது மெஷின், ஒரு நோட்டு:
பேசியவர்கள்,
பாத்ரூமுக்கு இரண்டாம் முறை போனவர்கள்.
கையெழுத்து நன்றாக இருப்பதாக மேனேஜரும் சொன்னார்.
கல்யாணத்துக்குப் பிறகு வீடு
கேட்டுக்கு அந்தப் பக்கம்.

செவ்வாய்க்கிழமை கூட்ஸ் நின்றது.
நின்றதுதான்.
ஸ்கூட்டியில் காலூன்றி டேங்கர் எண்ணினேன், நாற்பத்தேழு.
பக்கத்தில் வார்டு ஆபீஸ் வாசலில்
மூன்று மாதச் சம்பளம் கேட்டு
துப்புரவுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.
கான்ஸ்டபிள் ஒருவர் குனிந்து
பெயர் எழுதிக்கொண்டிருந்தார்.
முதல் வரிசையிலிருந்து ஒரு குரல்:
"ச. சு இல்ல. அடிச்சிட்டு எழுது."

கேட் திறந்தது. பின்னால் ஹாரன்.
நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சங்கு ஊதிப் பதினெட்டு நிமிஷம்.
மேனேஜர் வாட்சைப் பார்த்தார்.
"கேட் போட்டுட்டாங்க சார்" என்றேன்.
"தெனம் ஒரே பாட்டு" என்றார்,
நாற்பது பேர் முன்னால்.

வரிசையில் யாரோ சிரித்தாள்.
யாரென்று எனக்குத் தெரியும்.
நோட்டு கைப்பையில் இருந்தது.