கடைசிக் கட்டம்

செவ்வாய் இரவுகளில் டொலீடோவில்
பௌலிங் கூடத்தின் பின்னறை எங்களுடையது.
சுவருக்கு அந்தப்பக்கம் கட்டைகள் சரியும்.
இந்தப்பக்கம் ஐந்து பேர்
துருக்கரனின் உயரத்துக்காகச் சண்டையிடுவோம்.

ஆறடி ஒன்று என்கிறது மூன்றாம் இதழ்.
கதவு நிலையோடு ஒப்பிட்டால்
ஏழுக்குக் குறையாது என்பார் டெல்பெர்ட்.
நாற்பது வருடம் கதவு மாட்டியவர்,
கையில் பூதக்கண்ணாடியும் அடிக்கோலும்.
"அந்த ஓவியருக்குக் கதவு வரைய வராது" என்பாள் ஜோலீன்.
"அப்படியானால் கதவு குட்டை என்று எழுது."
எழுதினேன். பதிவேடு என் பொறுப்பு.
கதவு: குட்டை. ஆதாரம்: டெல்பெர்ட்.

பாலத்தைத் தாங்கினானா, தாங்குகிறானா
என்பதில் ஒரு பனிக்காலமே போனது.
"பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம்
தாங்கிக்கொண்டுதானே இருக்கிறான்?"
"மூடியபின்?" என்றான் நிக்கோ,
ஆஸ்பத்திரி இரவுப்பணிக்குக் கிளம்பிக்கொண்டே.
அன்று அதற்குமேல் ஒன்றும் எழுதவில்லை.

கையைப் பற்றி மட்டும் தகராறே கிடையாது.
தொட்ட இரும்பைத் துருவாக உதிர்க்கும் கை.
இரண்டிலும் உறை மாட்டியே திரிபவன்
ஒரே ஒரு முறை கழற்றுகிறான்:
இதழ் முப்பத்தேழு, கடைசிப் பக்கம், கடைசிக் கட்டம்.
மாமீ ஆறு பெருகிக்
கிடங்கோடு வாரிக்கொண்டு போன இதழ்.
தப்பியது லொரெட்டாவின் பிரதி ஒன்றுதான்.
அதன் நகலுடைய நகலைத்தான்
பதினோரு வருடம் கண்ணில் ஒற்றிக்கொண்டோம்.

இடது கை.

இதயத்தின் பக்கம் என்று
நாலு பக்கம் எழுதினார் டெல்பெர்ட்.
ஜோலீன் தன் இடது முன்கையில்
பச்சையே குத்திக்கொண்டாள்.

இந்த ஜனவரியில் லொரெட்டா
ரொட்டிப் பையில் சுற்றி அசலைக் கொண்டுவந்தாள்.
டெல்பெர்ட்டின் கண்ணாடி ஊர்ந்து போய்
அந்த மூலையில் நின்றது.
"புள்ளி இல்லை" என்றார்.
அச்சு நிறம் என்றால் புள்ளி புள்ளியாக இருக்கும்.
இது பால்பாயின்ட் நீலம்.
ஓரத்தில் மஞ்சளாய்க் காய்ந்த கோந்து.

லொரெட்டா குளிர்க்கோட்டைக்கூடக் கழற்றவில்லை.
"என் அண்ணன், காஸிமிர். ஒன்பது வயது.
மூலையை நாய் கடித்துவிட்டது.
முடிவு தெரியாமல் தூங்கமாட்டேன் என்று
நான் அழுதேன். வரைந்து ஒட்டினான்."

"அவனுக்கு எந்தக் கை?" நிக்கோ.

"பள்ளியில் கட்டிவைப்பார்களே, அந்தக் கை."

இடைச்செருகல், நீக்கிவிடலாம் என்றார் டெல்பெர்ட்,
சொல்லிவிட்டு மேசையைப் பார்த்தார்.
ஜோலீன் சட்டைக் கையை
மெல்ல மணிக்கட்டு வரை இழுத்துவிட்டாள்.
"அச்சடித்ததும் யாரோ ஒருவன் கைதானே"
என்று நிக்கோ ஆரம்பித்து, முடிக்கவில்லை.
நான்தான் கேட்டேன், கொஞ்சம் கோபமாகவே:
"பதினோரு வருடம் ஏன் சொல்லவில்லை?"

"ஒவ்வொரு செவ்வாயும்
நீங்கள் அவன் கையைப் பற்றிப் பேசினீர்கள்"
என்றாள் லொரெட்டா.

வாக்கெடுத்தோம். மூன்றுக்கு இரண்டு.
யார் எந்தப்பக்கம் என்று பதியவில்லை;
பதியாமல் விட்டது அது ஒன்றுதான்.

துருக்கரன், கை: தெரியவில்லை.
அதன் கீழே, சின்ன எழுத்தில்:
லொரெட்டா பிரதியில் மட்டும் இடது.
இக்கட்டத்தை காஸிமிர்

அங்கே பேனா நின்றது.
வரைந்தான் என்பதா, வரைகிறான் என்பதா?
சுவருக்கு அப்பால் யாரோ
பத்துக் கட்டைகளையும் ஒரே வீச்சில் சாய்த்துக் கத்தினார்கள்.

"வினையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்"
என்றார் டெல்பெர்ட், அடிக்கோலை வைத்தபடி.
"இதை எழுது முதலில்.
கோந்துப் பட்டை, அகலம் அரை அங்குலம்.
ஒரு பக்கம் கொஞ்சம் கோணல்."