பன்னிரண்டாவது மோடம்

மீன் பொரிக்கும் கடைக்கு மேலே ஓர் அறை.
டொட்மோர்டன், தொண்ணூற்றாறு, விடாத மழை.
பலகை அடுக்கில் பன்னிரண்டு மோடம்கள்.
பதின்மூன்றாவது ஆள் அழைத்தால்
'எங்கேஜ்ட்' என்று இரைந்து திருப்பி அனுப்பும்.
அப்போதெல்லாம் கொலின் ஹார்டகர்
தன் இணைப்பைப் பிடுங்கிவிட்டு
"இப்ப எடுத்துப் பாருங்க" என்பார் தொலைபேசியில்.

நான் கணக்கெழுத வந்தவள்.
மூன்றாம் வாரமே
புது ரௌட்டருக்குப் பெயர் வைக்கச் சொன்னார்கள்.
தொட்டால் சுட்டது. பிட்டு என்றேன்.
அன்றிலிருந்து நள்ளிரவில்
யோர்க்‌ஷயர்ப் பையன்கள் அலறுவார்கள்:
"பிட்டு விழுந்திட்டுது!"

முதலில் மாட்டு வைத்தியர் வந்தார்.
அவருக்கு இருக்கிறதே என்று
எதிர்த்தெரு வைத்தியரும்.
பிறகு மதுக்கடை, பியானோ பழுதுபார்ப்பவர்,
தேவாலயத்தை வாங்கி வீடாக்கிய ஜோடி.
லீட்ஸ் வரை ஒரு தடித்த கம்பிக்கு
கொலினின் கார் போனது.
அக்ரொய்டின் மேய்ச்சல் மேட்டில் கோபுரம் நட்டோம்;
வாடகைக்குப் பதில் அவர் மகளுக்கு இலவச இணையம்.
செம்மறிக்கு முதுகு அரித்தால்
நாற்பது வீட்டுக்கு இணையம் போகும்.
வேலி போட்டோம். வேலியிலும் உரசியது.

கால்வாய்க் கரையோரம் கண்ணாடி இழை புதைத்த வருடம்
என் சப்பாத்து ஒன்று சேற்றிலேயே தங்கிவிட்டது.
நானூறு பேர். இரண்டாயிரம். ஒன்பதாயிரம்.
எந்த எண்ணில் எனக்குப் பெயர்கள் மறந்தன
என்று குறித்து வைக்கவில்லை.
இப்போது திரையில் ஒரு பச்சைக் கோடு:
மாலை ஆறுக்கு ஏறும்,
பதினொன்றரைக்குச் சரியும்.
பள்ளத்தாக்கு எப்போது உறங்குகிறது என்று
கேட்டால் சொல்வேன். யார் என்று கேட்காதீர்கள்.

போன வியாழன் ரெடிங்கிலிருந்து இருவர் வந்தார்கள்.
தலைக்கு முந்நூறு பவுண்ட் என்றார்கள்.
"ஸ்கிப்டன் சந்தையில் கடாவுக்கே கூடப் போகும்"
என்றார் கொலின். சிரித்தார்கள்.
பட்டியலின் கடைசி வரியில் ஒரு விரல் நின்றது.
"இது என்ன?"

வின்னி சட்க்ளிஃப். மேட்டுப் பண்ணை.
திங்கட்கிழமை, காலை ஆறு பத்து.
பழைய மோடத்தால் அழைத்து,
மழைமானி காட்டிய அளவை யாருக்கோ அனுப்பிவிட்டு
வைத்துவிடுவார்.
மாதம் நாலு பவுண்ட் தருகிறார்.
அந்தத் தடத்துக்கு நாங்கள் கட்டுவது பதினேழு.
பன்னிரண்டில் அந்த ஒன்றை மட்டும்
இன்னும் அணைக்கவில்லை.

"முதல் நாளே நிறுத்திவிடலாம்,"
மிக மரியாதையாகத்தான் சொன்னார்.

கொலின் மறுக்கவில்லை. ஒப்பவும் இல்லை.
அவர்கள் குடித்த கோப்பைகளை
நெடுநேரம் கழுவிக்கொண்டிருந்தார்.
வங்கித் தவணை மார்ச்சில்.
அவருடைய முழங்காலும் முன்போல் இல்லை.

இன்று திங்கள். இரவுப் பணி என்னுடையது.
ஆறு பத்துக்கு அடுக்கில் சிவப்பு சிமிட்டியது.
கீச்சிட்டு, கரகரத்து, காறித் துப்பி
ஒருவழியாகக் கைகுலுக்கிக்கொண்டன இரண்டும்.
நாற்பது விநாடி. முடிந்தது.

பிறர் அஞ்சலை நாங்கள் திறப்பதில்லை.
ஆனால் இரவெல்லாம் இந்தக் கூரையடியில்
விழித்திருந்தவள் நான்;
எத்தனை மில்லிமீட்டர் என்று
ஏறக்குறைய எனக்குத் தெரியும்.